நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு

எங்கள் வீட்டின் வெளிப்படிகள் பத்தொன்பது. மொன்றியலின் இந்தப் பகுதியில் இரும்புப் படிகள் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும். எதிர்வீட்டுக்குப் பதினேழு, பக்கத்து வீட்டுக்கு இருபத்தொன்று. செப்டம்பரில் மூன்று நாட்கள் நான் அந்தப் பத்தொன்பதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். களைத்தால் ஏழாவது படியில் தொலைபேசியோடு உட்கார்ந்துகொண்டேன். மகள் ஜெர்மனியில் இருந்தாள். நான் சொன்ன மலையில் மூன்று நாளும் ஏறுவதாக ஒப்புக்கொண்டு போயிருந்தாள். ஏன் மூன்று என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை.

கனடாவுக்கு வரும் முன் ஒன்றரை வருடம் நான் அந்த மலையடிவாரத்தில் ஓர் அகதி விடுதியில் இருந்தேன். மனைவியும் இரண்டு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். ஓர் அறைக்கு ஆறு கட்டில். வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. மலை எல்லைக்கு உள்ளே இருந்தது. ஆகவே மலையில் ஏறினோம்.

விடுதி வாசலிலிருந்து உச்சிக்கு, எண்ணி நடந்தால், ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி. ஊசியிலை மரங்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்கும், மதியத்திலும் உள்ளே மாலைபோல இருக்கும். பாறைகளின்மேல் பாசி மெத்தைபோல் கிடக்கும். செப்டம்பர் வந்தால் கலைமான்கள் கதறும். முதல் தடவை கேட்டபோது நாங்கள் இருவரும் திரும்பி ஓடினோம். இருவர் என்றால் நானும் பக்கத்துக் கட்டில்காரரும். என்னைவிட நான்கு வயது இளையவர், இப்போது மொன்றியலுக்குப் பக்கத்து நகரமான லவாலில் இருக்கிறார்.

மூவாயிரத்து நூற்றைந்தாவது அடியில் ஒரு பழைய சுரங்கத்தின் வாய். ஒரு காலத்தில் அந்த மலைக்குள் வெள்ளியும் ஈயமும் தோண்டியிருக்கிறார்கள். வாய்க்கு இரும்புக் கம்பிக் கதவு, பக்கத்தில் கறுப்புக் கசடுக் கற்களின் மேடு. ஈயம் கலந்த மண் என்பதால் அந்த மேட்டில் மரம் வளராது. கதவுக்கு மேலே கல்லில் இரண்டு ஆயுதங்கள் குறுக்காகச் செதுக்கியிருந்தன. மூடுபனியில் எங்களுக்கு அவை வேல்களாகத் தெரிந்தன. மலை, காடு, வேல். வேறு யாராக இருக்க முடியும்? அங்கே நின்றுதான் நேர்த்தி வைத்தேன். என் பிள்ளை உயிரோடு என்னிடம் வந்து சேர்ந்து நன்றாக இருக்கவேண்டும், நாற்பத்தொரு முறை உன் மலை ஏறுகிறேன். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கசடுக் கல்லைக் கம்பிக்குள் போட்டேன்.

ஆறாவது ஏற்றத்தில் கற்பூரம் கொளுத்தினோம். எங்கிருந்தோ ஒரு வயதான ஜெர்மன்காரர் ஓடிவந்து, தன் குடுவையிலிருந்த கோப்பியை அதன்மேல் ஊற்றினார். காட்டுக்குத் தீ வைக்கிறோம் என்று நினைத்துவிட்டார். பிறகு கதவுக்கு மேலிருந்த செதுக்கலைக் காட்டி, கையால் இடித்தும் குத்தியும் விளக்கினார். வேல் இல்லை; சுத்தியல், கல் உடைக்கும் உளி. தானும் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான்.

“அண்ணை, ஆறு ஏற்றமும் சுத்தியலுக்குப் போயிட்டுது” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

வாக்கு வாக்குத்தான். தொடர்ந்து ஏறினேன். முப்பத்தெட்டாவதற்கு மறுநாள் கனடாவுக்கு வர வழி கிடைத்தது. புறப்பட நான்கு நாட்கள் இருந்தன. மூன்று முறை ஏறியிருக்கலாம். நான் பெட்டி கட்டினேன். ஒரே ஒரு பெட்டி.

நாலு வருடம் கழித்து மனைவியும் மகளும் சுகமாக வந்து சேர்ந்தார்கள். அதன்பிறகு மகளுக்கு வந்த ஒவ்வொரு கெடுதலையும் நான் அந்த மூன்றோடு சேர்த்தே எண்ணினேன். பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது ஒன்று. கல்யாணம் முறிந்தது ஒன்று. போன வசந்தத்தில் மார்பில் ஒரு கட்டி. எடுத்துப் பார்த்துத் தீங்கில்லை என்றார்கள். ஆனால் அக்டோபரில் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு எழுபத்துமூன்று வயது. வலது முழங்காலில் மூன்று ஊசி போட்டாகிவிட்டது. மலை என்ற சொல்லைக் கேட்டதும் டொக்டர் சிரித்தார்.

ஆகஸ்டில் மகள் வேலை விஷயமாக ஜெர்மனி போகப்போவதாகவும், பிறகு சில நாள் எங்காவது காட்டில் நடக்க விருப்பம் என்றும் சொன்னாள். நான் அன்றைக்கே மெட்ரோ பிடித்து லவாலுக்குப் போனேன். கடைத்தொகுதியில் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டேன், ஒருவரின் நேர்த்தியை இன்னொருவர் செய்யலாமா என்று.

“ஐயரைக் கேளுங்கோவன் அண்ணை.”

“ஐயர் எந்தக் கோயில் எண்டு கேப்பார். சுரங்கம் எண்டு சொல்லுறதே?”

அவர் கோப்பி சிந்தச் சிரித்தார். “பிள்ளைக்காக வைச்ச நேர்த்தி. பிள்ளை ஏறினா என்ன? ஆனா அவவுக்குச் சொல்லிப்போட்டு அனுப்புங்கோ.”

அந்தக் கடைசி வசனத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னால் கட்டியின் கதை வரும். அதைப் பற்றிக் கதைத்தால் அவள் எழுந்து போய்விடுவாள். ஒரு தாளில் மலையை வரைந்தேன். முதல் நாள் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய வாய்க்கால் வழியாக. இரண்டாம் நாள் குளங்களைச் சுற்றி. மூன்றாம் நாள் மான் பார்க்க. மூன்று வழியும் சுரங்க வாயைத் தொட்டு உச்சிக்குப் போகும். “ஒவ்வொருக்காலும் ஒரு கல் எடுத்து உள்ள போடு பிள்ளை, அங்கத்தைய வழக்கம்” என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முதல் நாள் மொன்றியலில் காலை பத்து மணிக்குப் படங்கள் வந்தன. பதினான்கு. எனக்கு மலையைத் தெரியவில்லை. மரங்கள் சாம்பல் நிறத்தில் பட்டுப்போய், கிளையில்லாத கம்பங்களாய் நின்றன. வண்டு அரித்துவிட்டதாம், மழையும் பொய்த்துவிட்டதாம். இடையிடையே இடுப்பளவு புதுக் கன்றுகள். “அப்பா, நீங்கள் சொன்ன இருட்டுக் காடு இல்லை. உச்சி அடியிலிருந்தே தெரியுது” என்றாள். கல் போட்டாளா என்று மட்டும் கேட்டேன். போட்டாளாம். முப்பத்தொன்பது.

இரண்டாம் நாள் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. “வௌவால் நித்திரை கொள்ளுற இடம், கல் எறியாதேங்கோ எண்டு அறிவித்தல் கிடக்கு. நான் எறியேல்லை. பக்கத்தில நிண்ட ஒரு ஆளிட்டைக் கேட்டன், அப்பிடியொரு வழக்கமே இல்லையாம்.”

“முந்தி இருந்தது” என்றேன். கல் போடாத ஏற்றம் கணக்கில் சேருமா? லவாலுக்குத் தொலைபேசி எடுத்தேன். “வௌவால் நித்திரை எண்டா முருகனும் சத்தம் போடாதை எண்டுதான் சொல்லியிருப்பார். போனை வையுங்கோ” என்றார். நாற்பது.

மூன்றாம் நாள் காலை ஒன்பதுக்கே அழைப்பு வந்தது. அங்கே மழை. அவள் அடிவாரத்தில் ஒரு கடையில் இருந்தாள். “கால் நோகுது, அப்பா. இண்டைக்கு ஏறேல்லை.”

“மழை விடும். ஒருக்காத்தானே.”

“ஏன்?”

“மான்...”

“அப்பா, மானுக்கு ஏன் உங்களுக்குக் குரல் நடுங்குது?”

சொன்னேன். ஏழாவது படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: கம்பிக் கதவு, முப்பத்தெட்டுக் கல், ஒரு பெட்டி, மணிக்கட்டு. கட்டி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, அக்டோபர் என்றேன்.

கோப்பைகளின் சத்தத்துக்கு நடுவே பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

“மெர்சி, அப்பா. என்னைக் கேக்காம என்னைக் கொண்டு மலை ஏத்தியிருக்கிறியள்.”

“கேட்டா நீ மாட்டாய்.”

“கேட்டிருந்தா மூண்டும் ஏறியிருப்பன்.” பிறகு மூக்கை உறிஞ்சினாள். மழையில் பிடித்த தடிமனாகவும் இருக்கலாம். “இப்ப எத்தினை மிச்சம்?”

“ஒண்டு.”

“அதை நான் ஏறமாட்டன். அது உங்கட. மே மாதத்துக்குப் பிளேன் ரிக்கற் போடுறன், ரெண்டு பேருக்கும். முழங்காலை அதுக்குள்ள சரிப்பண்ணுங்கோ.”

தொலைபேசி நின்றது. நான் விரலால் எண்ணினேன். அக்டோபர் சோதனைக்கும் மே மாதத்துக்கும் இடையே ஏழு மாதம். அக்டோபரைத் தாண்டி யோசித்துத்தான் சொன்னாளா, மழையைப் பார்த்துச் சொன்னாளா என்று தெரியவில்லை. திரும்ப எடுத்துக் கேட்கத் துணிவு வரவில்லை.

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டைப் பத்தொன்பதால் பிரித்தால் முந்நூற்று முப்பத்தேழு முறை, மிச்சம் ஒன்பது படி. ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறினால் ஐம்பத்தேழு நாளில் ஒரு மலை. அதற்குள் படியில் பனி கட்டிவிடும். மறுநாள் காலை நாலாவது முறை இறங்கும்போது மனைவி கதவைத் திறந்தாள்.

“என்ன விசர் வேலை இது?”

“மே மாதத்துக்கு.”

அவளிடம் மகள் முன்பே கதைத்துவிட்டாள்போலும். உள்ளே போய் முழங்கால் பட்டியைக் கொண்டுவந்து தந்தாள். “கைப்பிடியைப் பிடிச்சு ஏறுங்கோ. எண்ணிக்கொண்டு விழுந்திடாதேங்கோ.”

பட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்தாவது முறை தொடங்கினேன்.