கரைக்கு வந்த இக்தியோசாரஸ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேஜைமேல் ஒரு கல் இருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் மைத்துனன் கொண்டு வந்தது. வட்டமாக, இரண்டு பக்கமும் குழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் வந்தார். கருவாட்டு வியாபாரம். கல்லைப் பார்த்தார், எடுத்தார்... யாரும் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்!

"சுறா முள்ளுதானே அண்ணாச்சி? உப்பே பத்தலியே..."

எங்கள் ஊரில் கருவாட்டை வேறு எப்படிப் பார்த்து வாங்குவார்களாம்? மைத்துனன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"இது மீனே இல்லக்கா. இக்தியோசாரஸ்ங்கிற பிராணியோட முதுகெலும்பு, கல்லாப் போயிருச்சு. பல்லி, முதலை மாதிரி ஊர்வன சாதி. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு. அப்போ அரியலூர்ல கடல் இருந்துச்சு."

ரோஸ்லின் அசரவில்லை. கொற்கையை விட்டுக் கடல் விலகிப்போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அரியலூர் மட்டும் என்ன ஒசத்தி?

மைத்துனன் விடுவானா? இதன் மூதாதைகள் தரையில் திரிந்தவையாம். கடலுக்குப் போய், கால் துடுப்பாகி, பிறகு கரையேறவே முடியாமல் போயிற்றாம். குட்டி போடுவதுகூடத் தண்ணீரில்தான். ஆனால் மீனுக்கு இருப்பதுபோல் செவுள் கிடையாது — மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும்.

ரோஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல வரும்போது கரையைப் பாக்கும்லா தம்பி?"

அவர் யாரை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னார். கப்பலை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஈஸ்டருக்கு என்றார்... அதுவும் போயிற்று. இப்போது மாதா கோயில் திருவிழாவுக்காம். தெருவில் யார் கேட்டாலும், "வந்துருவாக" என்று ரோஸ்லின் சிரிப்பார்.

ஊருக்குக் கிளம்பும்போது மைத்துனன் கல்லைப் பையில் வைத்தான். ரோஸ்லின் வாசலில் நின்றார்.

"தம்பி, அதைத் திரும்பவும் அங்கன கொண்டு போவணுமா? இம்புட்டுக் காலம் கழிச்சு இப்பத்தான் கரைக்கு வந்திருக்கு..."

ஒரு சின்னக் கல்லைக்கூட யாருக்கும் கொடுக்காதவன் அவன். சொந்த அக்காள் — என் மனைவி — கேட்டே கொடுத்ததில்லை. பையைத் திறந்தான்.

கல் இப்போது ரோஸ்லின் வீட்டு ஜன்னலில், புதுத் துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. திருவிழாக் கொடி ஏறப்போகிறது. கப்பல் சங்கு கேட்டால் தெருவே அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறது. நானும்தான்.

கோடி வருஷத்துக்கு முந்தினதே கரைக்கு வந்துவிட்டது... அந்த மனுஷரையும் கொஞ்சம் அனுப்பி வையுங்களேன், கப்பல் கம்பெனிக்காரர்களே!