சேனாதிபதியின் தேயாத பேரிங்

"நான் ஊத்துற பேரிங் இனிமே தேயாதுங்கக்கா. தேஞ்சா, பழனிக்குப் போயி இந்த முடிய எறக்கிடுறேன்!"

1976இல் காப்பி பறிப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கையில், பண்ணைக்காட்டில் சிவபாக்கியத்தின் பழம் உரிக்கும் கொட்டகையில் இந்தப் பிரகடனம் வெளியானது. வெளியிட்டவர் ஃபிட்டர் சேனாதிபதி. அவருடைய சேனை ஒரு வைஸ், இரண்டு அரம். முடியோ காதை மூடிக் காலரைத் தொட்டு, தினமும் அரை மணி நேரம் சீப்புக்கு வேலை கொடுத்தது. ஆகவே சபதம் லேசுப்பட்டதல்ல.

உரிக்கும் மெஷினின் எஃகு ஷாஃப்ட், ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற ஈயக் கலவை பேரிங்கில் சுழன்றது. பருவத்துக்குப் பருவம் பேரிங் தேயும்; சேனாதிபதி புதிதாக ஊற்றுவார். "வருசா வருசம் இதே சோலியா?" என்று சிவபாக்கியம் கேட்டதுதான் வினை. நகம் பட்டால் கோடு விழுகிற உலோகத்தை நம்பிய பழைய ஃபிட்டர்கள்மேல் சேனாதிபதிக்கு இரக்கம் பிறந்தது. பழனிப் பாத்திரக் கடையில் விரிசல் விட்ட வெண்கல மணியொன்றை வாங்கி, உலையில் உருக்கி, பேரிங்காக வார்த்து மாட்டினார்.

பறிப்பின் உச்சத்தில் மெஷின் ஒருநாள் காலையில் வீறிட்டு நின்றது. கொட்டகையில் பழம் மலையாகக் குவிந்து கிடந்தது. அன்றைக்குள் உரிக்காவிட்டால் புளித்துப்போகும்.

சேனாதிபதி பேரிங்கைக் கழற்றினார். முகம் மலர்ந்தது.

"பாருங்கக்கா! மயிரிழைகூடத் தேயல!"

"ஏலே, ஷாஃப்டப் பாரு."

பார்த்தார். எஃகை எலி கடித்த கரும்பாக்கியிருந்தது பேரிங்.

"இருந்தாலும்... பேரிங் தேயலையேக்கா?"

"தேயலதான். அத எடுத்துட்டுப் போயி கோயில்ல அடி. பழம் நாறுறதுக்குள்ள வெரசா எதையாச்சும் செய்யி!"

சட்டப்படி வெற்றி சேனாதிபதிக்கே. வென்றவர் மூலையில் கிடந்த பழைய ஷாஃப்டைத் துடைத்து எடுத்தார். ஒயிட் மெட்டலை உருக்கி, யூகலிப்டஸ் குச்சியை முக்கிப் பார்த்தார். குச்சி பற்றாமல் கருகியது, பதம் சரி. ஊற்றினார், சுரண்டினார், பொருத்தினார். மத்தியானம் மெஷின் ஓடியது.

"இது தேயுமா, தம்பி?"

எண்ணெய்க் குப்பியைத் தேடும் அவசரத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த பருவம் முடிந்ததும், யாரும் கூப்பிடாமலே, ஒருநாள் வெள்ளனே வந்து பேரிங்கைத் திறந்தார். பாதியாகத் தேய்ந்திருந்தது. பழத்தோடு வந்த மண்ணையெல்லாம் அந்த மெத்தென்ற உலோகம் தனக்குள் புதைத்துக்கொண்டிருந்தது. ஷாஃப்டில் முகம் பார்க்கலாம். பார்த்துத் தலையும் வாரிக்கொண்டார், நெடுநேரம். பிறகு புதிதாக ஊற்றி மூடிவிட்டுப் போனார்.

மறுவாரம் எண்ணெய் விட வந்தவர், பங்குனி வெயிலில் குரங்குக் குல்லா போட்டிருந்தார்.

"காய்ச்சலா, தம்பி?"

"காத்துங்கக்கா."

இலை அசையவில்லை. அவர் குனிந்தபோது குல்லா நழுவியது. மழுமழுவென்ற தலையில் சந்தனம் இன்னும் முழுதாகக் காயவில்லை.