மாமா தோண்டிய குழி

அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன மறுநாள்தான் மாமா எங்களுக்குத் தையல்சிட்டின் கூட்டைக் காட்டினார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல்காரராக இருந்தார். கொரோனாவின் இரண்டாவது அலையில் கம்பெனியை மூடிவிட்டதால், பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. இருவருக்கும் பள்ளிக்கூடம் அத்தாவின் செல்போனுக்குள் நடந்துகொண்டிருந்தது.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோடு ஆட்டோ ஓட்டினார். ஊர் முழுக்க அடைத்துக் கிடந்தாலும் காய்கறிக்குத் தடையில்லை. அதனால் காய்ச்சல் முதலில் அவருக்கு வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்தபோது அம்மா படுத்துவிட்டார். சோற்றில் ருசியே தெரியவில்லை என்று அம்மா சொன்னதற்கு, வெஞ்சனத்தில் உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் சாட்சி சொன்னேன். பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் வராதீர்கள் என்று கையால் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அத்தா செல்போனை யாரிடமும் கொடுக்கவில்லை. முன்னறையில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. போன் அடித்தால் போதும், அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாலும் மாமா ஓடி வந்து எங்கள் இருவரையும் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போவார். போன் அடித்தால் கொல்லைக்குப் போக வேண்டும் என்பதை நாங்களும் ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டோம்.

சின்னக் கொல்லைதான். ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல். அதற்குள் இவ்வளவு இருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. எலுமிச்சையின் இரண்டு இலைகளைச் சேர்த்துப் பஞ்சு நூலால் தைத்துக் கூடு கட்டியிருந்தது அந்தச் சிட்டு.

"நம்ம தொழில்காரன்டா இவன். ஓவர்டைம் கேக்காம தைக்கிறான் பாரு" என்று மாமா தம்பியிடம் சொன்னார்.

இன்னொரு நாள், இலையில் காக்கை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்ததைக் குச்சியால் தொடச் சொன்னார். அது நகர்ந்தது. பட்டாம்பூச்சியின் புழுவாம். சுவரோர மண்ணில் புனல் மாதிரி குழி பறித்து, விழும் எறும்புக்காக அடியில் காத்திருக்கும் பூச்சியைக் காட்டினார். நாங்களே எறும்பு பிடித்துப் போட்டோம். எறும்பு ஏற ஏற மண் சரிந்தது. தம்பி கைதட்டினான்.

ஒரு வாரத்தில் கொல்லையில் பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துபோனது. நாங்கள் மறுபடி முன்னறைக் கதவோரம் நிற்க ஆரம்பித்தோம். அத்தா போனில் ஆக்ஸிஜன் என்று சொல்வது காதில் விழுந்தது. அன்று மாலைதான் மாமா புதுக் கதை ஒன்றைக் கொண்டு வந்தார்.

"மருமகளே, நம்ம ஊரு மலைக்கோட்டையில இருந்த சிப்பாய்ங்க ஓடிப்போகையில இந்த வழியாத்தான் போனாங்களாம். கையில இருந்ததெல்லாம் இங்கதான் பொதைச்சிருக்காங்க. தோண்டுவமா?"

தோண்டினோம். முதலில் ஒரு நீலக் கோலிக்குண்டு கிடைத்தது. பிறகு காது உடைந்த பீங்கான் கோப்பை, ஒரு சாவி, பித்தளை மணி. அந்த மணி எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய ஆட்டுக்கயிற்றில் இருந்தது என்பதோ, தினமும் விடிவதற்கு முன் மாமா ஒரு சிப்பாயைப் போல எதையாவது புதைத்துவிட்டு வந்தார் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. சிப்பாய்கள் எதற்குக் கோலி விளையாடினார்கள் என்று மட்டும் கேட்டேன். "அவங்களுக்கும் பொழுது போக வேணாமா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தபோது, மாமா வந்து அழைக்கும் முன்பே நாங்கள் கொல்லைக்குப் போய்விட்டோம். வெகுநேரம் அவர் வரவில்லை. அப்புறம் அடுப்படி வாசலில் அத்தாவும் அவரும் நிற்பது தெரிந்தது. அத்தா அவர் தோளைப் பிடித்து எதையோ சொல்ல, மாமா தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"பிள்ளைகள யாரு பாக்குறது? நீங்க போயிட்டு வாங்க மச்சான்."

அத்தா அம்மாவைக் கூட்டி வரத்தான் போகிறார் என்று நான் தம்பியிடம் சொன்னேன்.

மாமா முகத்தைக் கழுவிவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தார். அன்று எங்களிடம் கதை எதுவும் சொல்லவில்லை. எலுமிச்சைக்குப் பின்னால் வெட்ட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வழக்கமாக ஒவ்வொரு கை மண்ணையும் நாங்கள் உதிர்த்துப் பார்க்கும்வரை காத்திருப்பவர், அன்று பார்க்காமலே அள்ளி அள்ளி வெளியே எறிந்தார். குழி அவர் முழங்கால் வரை வந்தது, இடுப்பு வரை வந்தது.

"மாமா, இங்க ஒண்ணுமே இல்ல. வேற எடத்துல தோண்டுவோம்."

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

எறிந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தம்பிதான் அதைக் கண்டான். உருண்டையாக, மண் கட்டி மாதிரி ஒரு தவளை. கோடை முழுக்க ஈரம் தேடி மண்ணுக்குள் போய்ப் புதைந்து கிடந்திருக்கிறது. செத்துவிட்டது என்று நான் சொன்னேன். அவன் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். தவளையின் தொண்டை மெல்லத் துடித்தது.

"மாமா, உசுரோட இருக்கு. மண்ணுக்குள்ளயே கெடந்தும் உசுரோட இருக்கு மாமா."

மாமா மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு அவர் தலையின் உச்சிதான் தெரிந்தது. தோள்கள் குலுங்கின. அவர் சிரிக்கிறார் என்று நினைத்துத் தம்பியும் சிரித்தான்.

மதியத்துக்கு மேல் அத்தா தனியாக வந்தார். யாரையும் தொடாமல் நேராகக் கொல்லைக்கு வந்து, துவைகல் பக்கத்தில் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். நான் அவரிடம் புகார் சொன்னேன். மாமா இன்றைக்கு ஒழுங்காகத் தேடவில்லை, சும்மா பெரிய குழியாக வெட்டிப்போட்டிருக்கிறார் என்றேன். அத்தா குழியைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "மூடிரு மச்சான்" என்றார். அந்தக் குழியை இருவரும் சேர்ந்து மூடினார்கள்.

அம்மா மௌத்தாகிவிட்டார் என்று அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு அத்தா எங்களிடம் சொன்னார். மையவாடியில் அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். எனக்கு அழுகை வரவில்லை. நேராக மாமாவிடம் போய் நின்றேன்.

"காலையிலயே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அதன் பிறகு நான் அவரோடு பேசவில்லை. கம்பெனி திறந்து அவர் திருப்பூருக்குப் புறப்பட்ட அன்று, "போயிட்டு வாரேன் மருமகளே" என்று வாசலில் நின்று இரண்டு முறை சொன்னார். நான் உள்ளேயே இருந்தேன். எங்கள் அம்மாவின் கடைசி நாளை எங்களிடமிருந்து ஒளித்தவர் என்ற கோபம் அவ்வளவு இருந்தது.

முகம் பார்க்க இரண்டு பேர் வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையும், இரண்டாவது ஆளின் இடம் அன்று காலியாகவே கிடந்ததையும் அத்தா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். பெற்றவர்களை இழந்த வீட்டில் மாமாவை இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அன்று மண்ணுக்குள் போனவர் அவருக்கும் அம்மாதான் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவே இல்லை.