குறுக்குக் குழாய்

2007 ஜனவரியில் துபாயில் எங்கள் கட்டுமான சைட்டின் பாதுகாப்பு அதிகாரி ஓர் ஆஸ்திரேலியர். பந்தைக் கையில் எடுத்தும் ஓடலாம் என்கிற அவர்கள் நாட்டுக் கால்பந்தில் பத்தாண்டுகள் தொழில்முறை நடுக்கள ஆட்டக்காரராக இருந்து, முழங்கால் கெட்டு ஓய்வு பெற்றவர். பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அங்குள்ள ஆஸ்திரேலியர்கள் வைத்த ஆட்டத்தில் கடைசியாக ஒருமுறை இறங்கிவிட வேண்டும் என்று மாதக்கணக்கில் ஓடிப் பழகியிருந்தார்.

அந்த ஆட்டத்துக்கு இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள் வேண்டும். சாரம் கட்டும் எங்கள் ராமநாதபுரத்து ஆட்கள் குழாய்களை நட்டார்கள். நம்மூர்க் கால்பந்து கோல் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே நடு இரண்டின் மேல் குறுக்குக் குழாயும் பூட்டிவிட்டார்கள். உடம்பைச் சூடாக்கி, முழங்காலில் பட்டை சுற்றி வந்தபோதுதான் அவர் பார்த்தார். மேலே தடுப்பு கூடாது, பந்து எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல்தான் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"மேகத்துல போனாலும் கோலாண்ணே? அப்ப நானும் ஆடுவேன்" என்றான் சாரம் கட்டியவர்களில் ஒருவன்.

"வாயடிக்காம கழட்டுடா. யல்லா!" என்று அரபியில் அவசரப்படுத்தினார் ஃபோர்மேன்.

கழற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அதிகாரியின் முழங்கால் இறுகிவிட்டது. கோட்டோரமாக ஒருமுறை ஓடிப் பார்த்தவர், திரும்பி வந்து உட்கார்ந்து பட்டையைப் பிரித்தார்.

"நம்மளாலதானாண்ணே?" என்று அதே ஆள் என்னிடம் கேட்டான். நான் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கொஞ்சம் உங்களால்தான்" என்றார், கோபமில்லாமல். "ஆனால் சும்மா நின்றதற்கே இறுகுகிற கால், ஆட்டத்தில் என்ன செய்திருக்கும்?"

ஆட்டம் முடியும்வரை வீரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார், ஓடாமல், நடந்தே.