பாதித் தீக்குச்சி

அந்தப் பாதித் தீக்குச்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. 1991இல் ஒரகடம் பக்கம் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வடிவாக்கும் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் நானும் என் கூட்டாளியும் தகடு அடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நாள் முழுக்க ஒரே தகடு, ஒரே சத்தம். மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? அன்று அவன் ஒரு பட்டனை அழுத்தி, அது எழாதபடி இடுக்கில் பாதியாக ஒடித்த தீக்குச்சியைச் செருகிவிட்டான். ஒரு கை தகடு வைத்தது, மறு கை பட்டனைத் தட்டியது. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே லாரிகளை வேடிக்கை பார்த்தது. திடீரென்று பார்த்தால் தகடு வைத்த கை அச்சுக்கடியிலேயே நிற்கிறது, மறு கை பட்டன் மேல்.

எதிர் மிஷினில் இருந்த நான் அதைப் பார்த்துவிட்டேன். அதே நேரம் சூப்பர்வைசரும் பார்த்துவிட்டார். சரியான சிடுமூஞ்சி, எதற்கெடுத்தாலும் கத்துவார். இப்போது கத்தினால் அவன் திடுக்கிட்டுப் பட்டனை அழுத்திவிடுவான். மெயின் சுவிட்சோ தூரத்துச் சுவரில். ஐயோ, கத்திவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"டேய், டீ வந்துகீது. ஆறிடும், வா" என்றார், வீட்டில் கூப்பிடுவதுபோல.

அவன் இரண்டு கைகளையும் எடுத்து, பேண்ட்டில் துடைத்தபடி திரும்பினான். டீ எதுவும் வந்திருக்கவில்லை. சூப்பர்வைசர் தீக்குச்சியைப் பிடுங்கினார்.

"இன்னாடா, போர் அடிச்சிதா?"

"ஆமா சார்."

"அத்த வந்து சொல்றதுக்கு இன்னா? மிஷின மாத்தி வுடமாட்டனா?"

அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பில் போர் அடிக்கிறது என்று சொன்னவனை யாரும் சோம்பேறி என்று திட்டவில்லை. வேறு மிஷினுக்கு மாற்றிவிடுவார்கள்.

இங்கிலீஷில் அந்த 'போர்' எங்கிருந்து வந்தது என்று சமீபத்தில் தேடினேன். உறுதியாக யாருக்கும் தெரியாதாம். ஓட்டை போடுவதைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்திருக்கலாம், அலுப்பும் ஆளை மெல்ல மெல்லக் குடைகிறதே என்று சிலர் யூகிக்கிறார்கள். பிரஸ் முன்னால் உட்கார்ந்தவனுக்கு அதில் சந்தேகமே வராது.

போன வாரம் படப்பையில் கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். தீக்குச்சி கிழித்து அடுப்பைப் பற்றவைத்து, அவனே டீ போட்டான். பாதி எரிந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றான்.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து ஒரே போருடா."

"டேய், டீ ஆறிடும், வா" என்று அவன் டம்ளரை நீட்டினேன்.

சட்டென்று திரும்பினான். குச்சியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டான்.