கஜா கேட்ட காலிக் கவர்

"இன்னா சார், ஒரு தபா காலிக் கவர் அனுப்சிப் பார்த்தீங்களா?"

கஜேந்திரன் என்னிடம் கேட்டது. நேற்று அவர் இறந்துவிட்டார். மகள் ஃபோன் செய்து சொன்னாள்...

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நான் வகுப்பு எடுத்தேன், கஜா லேப் பொறுப்பு. செருப்போடு வந்தால் டைரக்டரையே வாசலில் நிறுத்துவார்.

அடையாறு கிளையில் மாணவர் எண்ணை அடித்தால், தி.நகர் சர்வரிலிருந்து மார்க் திரையில் வர வேண்டும். பழைய புரோகிராம் மெஷினுக்கு மட்டும் புரியும் சுருக்க வடிவத்தில் பேசியது. கஜா புதிதாக எக்ஸ்.எம்.எல். என்ற வடிவத்தில் எழுதினார்; செய்தி முழு வார்த்தைகளாகப் போகும், நாமும் படிக்கலாம்.

பழையதில் மார்க் உடனே வந்தது. கஜாவுடையதில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

டைரக்டர் என்னிடம் காரணம் கேட்டார். எழுத்து நீளம், அதனால் தாமதம் என்று இரண்டு வரி எழுதினேன். கொடுக்கும் முன்னால்தான் கஜா அந்தக் காலிக் கவர் கேள்வியைக் கேட்டார். உள்ளே ஒன்றுமே இல்லாத செய்தியும் லேட்டாக வந்தால், எழுத்தின் மேல் எப்படிப் பழி போடுவது?

நான் அனுப்பிப் பார்க்கவில்லை. லேப் ஆள் சொல்லி நான் கேட்பதா என்றிருந்தது...

எழுதியதை அப்படியே கொடுத்தேன். அவர் புரோகிராமை எடுத்துவிட்டார்கள். அதன்பின் பிரிண்டர் ரிப்பன் மாற்றுவதுதான் அவர் வேலை. இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார்.

பிறகு ஒருநாள் வகுப்பில் காட்டுவதற்காக, கஜாவின் பழைய புரோகிராமிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் மார்க்குக்குப் பதில் காலிச் செய்தியை அனுப்பினேன். அதுவும் அதே லேட்.

பழையது ஒரே இணைப்பில் எல்லாப் பாடத்தின் மார்க்கையும் கேட்டு வாங்கியது. கஜாவுடையது ஒவ்வொரு பாடத்துக்கும் இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டது. மளிகைக் கடைக்கு ஃபோன் செய்து, பருப்பு என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, புளிக்கு மறுபடி டயல் செய்வது போல.

திருத்த நாலு வரி போதும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து வடபழனி டிப்போவில் அவரே வந்து பேசினார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"அது ஏன் லேட்டாச்சுன்னு கண்டுபுட்ச்சீங்களா சார்?"

"பஸ் வந்துடுச்சு கஜா," என்றேன்.

வந்தது என் பஸ் இல்லை. ஏறிவிட்டேன்.

எழுத்தின் மேல் தப்பில்லை கஜா... போய் வாருங்கள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. எது லேட்டானாலும், காரணம் எழுதும் முன் ஒரு காலிக் கவர் அனுப்பிப் பாருங்கள்.