மாட்டுத் தண்ணீர்ப் பந்தல்

பூக் கட்டுவது என் தொழில். பினாங்கில் சௌரஸ்தா சந்தைக்கு வெளியே உட்கார்ந்து மல்லிகையும் அரளியும் கட்டி விற்றேன். நான் கட்டிய மாலைகள் எத்தனையோ சாமி கழுத்தில் ஏறியிருக்கின்றன. அவற்றைச் சாமி கழுத்தில் நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் எங்கள் சாதிக்காரர்கள் கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஊரிலிருந்து கப்பலேறி வந்தபோது அந்த வழக்கமும் எங்களோடு சேர்ந்தே கரையில் இறங்கியது. மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கட்டியவள் தெருவில் நிற்பாள். அதை நினைத்து நான் அழுததில்லை. எனக்கு ஆத்திரம்தான் வரும்.

பௌர்ணமி நாட்களில் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு சிங்களவர்களின் விகாரைக்குப் போவேன். அங்கே மாலை கேட்க மாட்டார்கள். வெள்ளைப் பூவாகப் பார்த்து, உதிரியாகக் கொடு என்பார்கள். கட்டுகிற வேலை மிச்சம் என்று எனக்கும் சந்தோஷம்.

வழக்கமாக என்னிடம் வாங்குகிறவள் ஒருத்தி இருந்தாள். நகை செய்யும் சிங்களவர் ஒருவரின் மனைவி. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுவேன். பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவாள். என்னை 'நங்கி' என்பாள். அவர்கள் பாஷையில் தங்கச்சி. ஒரு பௌர்ணமி மாலை தூறல் பிடித்துக்கொண்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மதில் ஓரமாக ஒண்டி நின்றேன். அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மழைல ஏன் நிக்கிற நங்கி? மாசோக், மாசோக்" என்றாள். உள்ளே வா என்று மலாயில் கூப்பிடுகிறாள்.

"நான் உள்ள வரக்கூடாதுக்கா."

"யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. "எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

"இங்க அப்படி இல்ல லா" என்று மலாய் இழுப்போடு சொல்லிவிட்டு, என் கூடையிலிருந்தே ஒரு கை பூவை அள்ளி என் கையில் வைத்தாள்.

போனேன். கால் கூசியது. கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்த புத்தருக்கு முன்னால் ஒரு நீளமான மேசை, அதில் தட்டுத் தட்டாகப் பூ. பக்கத்தில் நின்ற வெள்ளைச் சேலைக்காரி சட்டென்று நகர்ந்தாள். தீட்டுப் படாமல் ஒதுங்குகிறாள் என்று நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. பிறகுதான் புரிந்தது, எனக்கு இடம் விட்டிருக்கிறாள். என் கையால் பூவை வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எல்லாரும் சேர்ந்து ஏதோ ஓதினார்கள். அக்காவிடம் அர்த்தம் கேட்டேன். இந்தப் பூ வாடுவது போல் இந்த உடம்பும் வாடும் என்று சொல்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூக்காரிக்கு இதையா சொல்லித் தர வேண்டும்? வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அது வேறு மாதிரி பட்டது. எல்லா உடம்பும் வாடுகிற உடம்புதான் என்றால், என்னைத் தெருவில் நிறுத்துகிறவர்களின் உடம்பும் அதுதானே. அந்த எண்ணம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. கொஞ்சம் பழிவாங்கிய மாதிரிகூட இருந்தது.

அதற்குப் பிறகு பௌர்ணமிதோறும் பூ விற்று முடித்ததும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிடுவேன். பிக்கு சிங்களத்தில் பேசுவார், அக்கா என் காதோடு தமிழாக்குவாள். உயிரை வதைக்காதே, கொடுக்காததை எடுக்காதே, ஒழுக்கம் தவறாதே, பொய் சொல்லாதே, போதையைத் தொடாதே. இவ்வளவுதானா, இது நமக்கும் தெரிந்ததுதானே என்று முதலில் நினைத்தேன். தெரிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோனபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் மாட்டு வண்டிக்காரர். வெல்ட் கீ துறைமுகக் கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவார். நல்ல உழைப்பாளி, ஆனால் முன்கோபி. மாடு சற்றுத் தயங்கினாலும் ஆணி வைத்த தார்க்குச்சியால் ஒரு குத்து விழும். பௌர்ணமியன்று என்னைக் கூட்டிப்போக வண்டியோடு விகாரை வாசலுக்கு வருவார். உள்ளே வர மாட்டார். "சாமின்னு ஒருத்தர் இல்லேங்கறாங்க, அப்புறம் என்ன கோயிலு?" என்று கேலி பேசுவார். ஒரு நாள் வண்டியில் போகும்போது அவரே கேட்டார்.

"இன்னைக்கு என்ன சொன்னாரு உங்க சாமியாரு?"

"அடின்னா எல்லா உயிரும் பயப்படுமாம். நம்மள வச்சு அதப் புரிஞ்சுக்கணுமாம்."

"மாடு எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க குச்சிய எடுத்தாலே இடது பக்கத்து மாடு கண்ண மூடிக்குது. அது வேற என்ன சொல்லணும்?"

 வீடு போய்ச் சேரும்வரை அவர் மாட்டின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் தார்க்குச்சி கூரையில் செருகியிருந்தது. வண்டி போய்விட்டிருந்தது.

மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மாட்டுக்கு மந்திரம் ஓதுகிறார் என்றார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் பிராங்கின் வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் இடத்து மாடு முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டது. சத்தம் கேட்டு நானும் சந்தையிலிருந்து ஓடினேன். பின்னால் வண்டிகளும் ரிக்ஷாக்களும் அடைத்துக்கொண்டு, மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் ஏச்சு. "ஒரு குத்து விடுங்கண்ணே, எந்திரிச்சிடும்" என்று ஒருவர் தன் குச்சியை நீட்டினார். இவர் வாங்கவில்லை. நுகத்தை அவிழ்த்தார். ஒரு கடையில் வாளி கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து மாட்டுக்குக் காட்டினார். அது குடித்து மூச்சு வாங்கட்டும் என்று விட்டுவிட்டு, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் முதுகில் ஏற்றிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சுமந்து போட்டார். ஏசிக்கொண்டிருந்தவர்களில் ஒரு சீனக் கூலியாள் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து கை கொடுத்தார். பாரம் பாதியானதும் மாடு தானாக எழுந்து நின்றது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், "யாருக்கா இந்த ஆளு?" என்றாள்.

"என் வீட்டுக்காரர்" என்றேன். அவள் கேட்காமலிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அடுத்த பௌர்ணமிக்கு மாட்டைக் கட்டிவிட்டு அவரும் உள்ளே வந்தார். பின்வரிசையில் உட்கார்ந்தார். தானம் கொடுப்பதைப் பற்றி அன்றைக்குப் பேசினார்கள். போகும் வழியில், "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ரோட்டுல நாமளும் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடலாமா?" என்று கேட்டார். கோயிலுக்குள்தான் விடவில்லை, தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை யார் தடுப்பார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தப் பாதையில் பெரிய பந்தல் போடுகிற மளிகைக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொல்கிற இடத்தில்தான் மற்றவர்கள் போடுவார்கள். இருவரும் போய்க் கேட்டோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க குடுத்தா ஜனங்க குடிக்க மாட்டாங்க. பக்கத்துப் பந்தலுக்கும் வராமப் போயிடுவாங்க."

பழைய ஆளாக இருந்தால் என் வீட்டுக்காரர் கை கடைக்காரர் சட்டையில் இருந்திருக்கும். நான் இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.  இவர் நிதானமாகக் கேட்டார்: "மாட்டுக்குக் குடுக்கலாங்களா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "மாட்டுக்குக் குடுக்க யாரு வேணாம்னா?"

தைப்பூசத்தன்று பீப்பாய்களை இரண்டாக அறுத்துத் தொட்டியாக வரிசையாய் வைத்தோம். தெருக்குழாய் பக்கத்திலேயே இருந்தது; அதில் பிடித்த தண்ணீரை அறுக்காத ஒரு சின்னப் பீப்பாயில் சேர்த்தும் வைத்தோம். அன்றைக்குத் தீவு முழுவதிலிருந்தும் வண்டிகள் வரும். வண்டி ஓட்டுகிறவர்கள் மோர்ப் பந்தலைத் தேடிப் போவார்கள். மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு நிற்கும். எங்கள் தொட்டிகளைக் கண்டதும் அவை தலையை நுழைத்துக் குடித்த குடி இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. சிங்கள அக்கா வேடிக்கை பார்க்க வந்தாள். சற்று நேரத்தில் அவளும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளி சுமந்தாள்.

வெயில் ஏறியது. ஒரு வண்டிக்காரர் குழாயிலிருந்து தொட்டிக்குப் போகும் வாளியை நிறுத்தி, இரு கையாலும் அள்ளிக் குடித்தார். அப்புறம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ரயிலும் பெர்ரியும் பிடித்து வந்தவளாம்.

"அக்கா, புள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி."

எங்களுக்கென்று ஒரு பித்தளைக் குடம் வைத்திருந்தேன். குடத்தில் கை வைத்தவள் அப்படியே நின்றேன். "நாங்க யாருன்னு தெரியுமா தங்கச்சி? அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"தண்ணி இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்கக்கா" என்றாள்.

ஊற்றினேன். குழந்தை குடித்தது, அவளும் குடித்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். அன்று மாலைவரை அந்தக் குடம் கீழே இறங்கவில்லை.

பிற்பகலில் மளிகைக்கடைக்காரரே வந்தார். அவருக்குத் தண்ணீர் ஏற்றிவந்த வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொண்டதாம், பந்தலில் அண்டா காலி. "பீப்பாய்ல நல்ல தண்ணி இருக்குங்களா?" என்றார், முகத்தைப் பாராமல். என் நாக்கு சந்தையில் பெயர் பெற்ற நாக்கு. சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் அந்தச் சின்னப் பீப்பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பந்தலை நோக்கி நடந்துவிட்டார். அண்டாவை நிரப்பிவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அங்கே குடித்தவர்களிடம் கடைக்காரர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும்போது, "நீ எப்படிச் சும்மா இருந்தே?" என்று அவர் கேட்டார்.

"நீங்க தூக்கிட்டுப் போனதப் பார்த்துக்கிட்டிருந்தேன். பேச மறந்துட்டேன்" என்றேன். அது உண்மை. காவடிகள் போனதைக்கூட நான் அன்று சரியாகப் பார்க்கவில்லை.

மறு வருஷம் நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அந்த இடத்தில் வேறு யாரும் பந்தல் போடவுமில்லை. எங்கள் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்கள் சேர்ந்துகொண்டன. தொட்டிகளோடு மண்பானைகளும் வந்தன. பின்னால் லாரிகள் பெருகி மாடுகள் குறைந்த பிறகும் பந்தல் நிற்கவில்லை. நீ இந்துவா பௌத்தரா என்று இப்போதும் சிலர் என்னைக் கேட்பதுண்டு. பௌர்ணமிக்கு விகாரைக்குப் போகிறேன், தைப்பூசத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியாது.

ஜனங்கள் எங்கள் பந்தலுக்கு 'மாட்டுத் தண்ணீர்ப் பந்தல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும் என்று சிலர் அவர் காதில் விழாமல் சொன்னார்கள். வழி கேட்டு வருகிறவர்களிடம் அவரே, "மாட்டுத் தண்ணீர்ப் பந்தல்தானே, இதுதாங்க, வாங்க" என்பார்.